ஏழு வாரக் குழந்தை, அஞ்சு நாளா மோஷன் போகலை, அம்முச்சி வெத்தலைக் காம்பு வைக்கணும்ங்கறாங்க, என்ன பண்றது?

கோபிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கங்க. முதல் குழந்தை, பொண்ணு, ஏழு வாரம் முடிஞ்சிருச்சு. சுகப்பிரசவம், நிறை மாசம், மூணு கிலோ சொச்சம் இருந்தா. தாய்ப்பால் மட்டுந்தான் குடுக்கறேன், பால் பவுடர் ஒரு வாய் கூட போகலை. இப்ப அம்மா வீட்ல இருக்கேன்.

போன வாரம் வரைக்கும் ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை போவா, வாயில பால் வெச்சாலே போதும் கீழ சத்தம் வந்துரும், துணி மாத்தி மாத்தியே எங்கம்மாவுக்கு இடுப்பு போயிருச்சு, அப்படி இருந்தவ திடீர்னு நிறுத்திட்டா. இன்னையோட அஞ்சு நாள் ஆச்சு. பால் நல்லாத்தான் குடிக்கறா. ஒண்ணுக்கும் நிறைய போறா. ஆனா சாயங்காலம் ஆச்சுன்னா காலை மடக்கி, மூஞ்சியெல்லாம் செவந்து, முக்கி முக்கி அழறா, கடைசில காத்து மட்டும் பிரியுது, அப்புறம் தூங்கிடறா.

வீட்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க. அம்முச்சி வெத்தலைக் காம்புல விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில வெச்சா உடனே போயிரும்னு காலையில இருந்து வெத்தலையோடவே சுத்தறாங்க. பக்கத்து வீட்டக்கா சோப்பைச் சீவி வைக்கச் சொல்றாங்க. அம்மா வெந்நீர் ஒரு சங்கு குடுப்போம்ங்கறாங்க, கத்திரி வெயில் வேற, குழந்தைக்கு தண்ணி பத்தாம மலம் இறுகிருச்சுன்னு சொல்றாங்க. நான் பத்தியம் ஒழுங்கா இருக்கலைன்னு என் மேலயும் ஒரு பழி. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நாங்க பாக்கற டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாரு. அது வரைக்கும் பொறுக்கலாமா இல்ல இப்பவே எங்கயாவது தூக்கிட்டு ஓடணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


ரெண்டுகுட்டி_அம்மா:

பயப்படாதம்மா. என் பெரியவனுக்கும் கரெக்டா இதே வயசுல இதே மாதிரி ஆச்சு, ஒரு வாரத்துக்கு மேல போகலை, அப்புறம் ஒரு நாள் போனான் பாரு, டயப்பர் தாண்டி முதுகு வரைக்கும், குளிக்க வெச்சாத்தான் ஆச்சு. டாக்டர்கிட்ட கேட்டப்போ சிரிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "போனப்போ கெட்டியா இருந்துச்சா இளக்கமா இருந்துச்சா?" அவ்ளோதான். இளக்கம்னதும் வெயிட் பாத்துட்டு அனுப்பிட்டார். சின்னவ அப்படியே எதிர், ஆறு மாசம் வரைக்கும் ஒவ்வொரு பாலுக்கும் ஒரு தடவை. ஒரே அம்மா, ஒரே பால், அதனால எண்ணிக்கையைப் பாத்து எதுவும் சொல்ல முடியாது.

வெத்தலைக் காம்பு மட்டும் வேண்டாம்னு அம்முச்சிகிட்ட சொல்லிடு.


வார்டு_சிஸ்டர்:

நான் பச்சக்குழந்தைங்க வார்டுல ஸ்டாஃப் நர்சா ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

தங்கச்சி, நீங்க எழுதினதுல எனக்கு முக்கியமாப் பட்டது நாலு. வயசு ஏழு வாரம், தாய்ப்பால் மட்டும், பால் நல்லா குடிக்கிறா, ஒண்ணுக்கு நிறைய போறா. இந்த நாலும் சரியா இருந்து, கடைசியா போனது இளக்கமா இருந்து, வயிறு அமுக்கினா மெத்துன்னு இருந்தா அது மலச்சிக்கலே கிடையாது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைங்க ஒரு ஆறு வாரத்துக்கு அப்புறம் பல நாளைக்கு ஒரு தடவைதான் போவாங்க, சில குழந்தைங்க ஒரு வாரம் கூட தாண்டும். குடிக்கிற பால்ல பெரும்பகுதி உடம்புல சேந்துடுது, சக்கைன்னு மிஞ்சுறது ரொம்பக் கம்மி. முதல் மாசத்துல அத்தனை தடவை போறதுக்கு, பால் வயித்துல இறங்கின உடனே பெருங்குடல் அசையுற ஒரு அனிச்சைச் செயல் இருக்கு, அது பிறந்த புதுசுல ரொம்ப வேகமா இருக்கும், போகப் போக அடங்கிடும். வாயில பால் வெச்சதும் கீழ சத்தம் வரும்னீங்களே, அதேதான்.

ஆனா இதே அஞ்சு நாள் கதையை ஒருத்தங்க ரெண்டு வாரக் குழந்தைக்குச் சொன்னா நான் இப்படி உக்காந்து எழுதிட்டு இருக்க மாட்டேன், உடனே தூக்கிட்டு வாங்கன்னுதான் சொல்லுவேன். முதல் ஒரு மாசம் கணக்கே வேற. பொறந்து முதல் ரெண்டு நாள் கருப்பா, பச்சை கலந்து, பிசுபிசுன்னு ஒட்டும் பாருங்க, துணியில பட்டா துவைச்சாலும் போகாதே, அது மெக்கோனியம், வயித்துக்குள்ள இருக்கும்போது முழுங்கினதெல்லாம் சேந்தது. நிறை மாசக் குழந்தைங்க பெரும்பாலும் 24 மணி நேரத்துலயே போயிடுவாங்க. 48 மணி நேரம் ஆகியும் போகலைன்னா விடவே கூடாது, சர்ஜன் பாக்கணும். சீம்பால் குடுங்க குடுங்கன்னு நாங்க கத்துறதுக்கு இதுவும் ஒரு காரணம், அது இந்தக் கருப்பு மலத்தை இளக்கி வெளிய தள்ளும். மூணு நாலாம் நாள் பச்சையும் பழுப்புமா மாறும், அஞ்சாம் நாள் வாக்குல மஞ்சளாகி, தண்ணியா, நடுவுல சின்னச் சின்ன வெள்ளைத் துகளோட வரும். இதைப் பாத்துட்டு பேதின்னு பயந்து தூக்கிட்டு வர்றவங்க நிறைய பேர். அந்த முதல் மாசத்துல ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை கூட போகலைன்னா பெரும்பாலும் மலச்சிக்கல் இல்ல, பால் சரியா இறங்கலைன்னு அர்த்தம். அப்போ வெயிட் பாக்கணும், குழந்தை மார்புல எப்படி வாய் வைக்குதுன்னு பாக்கணும்.

அடுத்தது அந்த முக்கல். சாயங்காலம் செவந்து போய் அழுதுட்டு முக்குறா, வர்றது காத்து, இல்லைன்னா பத்து இருபது நிமிஷம் போராடி கடைசில இளக்கமாவே போறாங்க, இதுக்கு டாக்டருங்க டிஸ்கீசியான்னு ஒரு பேர் வெச்சிருக்காங்க. விஷயம் ரொம்ப சிம்பிள். மலம் போகணும்னா மேல வயித்தை இறுக்கணும், அதே நேரம் கீழ ஆசனவாய்த் தசையைத் தளர்த்தணும். பெரியவங்களுக்கு இது யோசிக்காமலே நடக்கும். பிஞ்சுங்களுக்கு ரெண்டையும் ஒண்ணா செய்ய வராது, மேலயும் இறுக்கும் கீழயும் இறுக்கும், அழுதாத்தான் வயித்துக்கு அழுத்தம் கிடைக்கும்னு அழும். தானாவே பழகிக்கும், மருந்து கிடையாது. இங்கதான் உங்க அம்முச்சியோட காம்பு வருது. காம்பு வெச்சா போயிடும், நான் இல்லைன்னு சொல்லலை, ஆசனவாயைத் தொட்டு உறுத்தினா எந்தக் குழந்தையும் போகும். ஆனா அடிக்கடி அப்படி வெச்சா அந்தத் தளர்த்துற பழக்கத்தை குழந்தை தானா கத்துக்காம உறுத்தலுக்காகக் காத்துட்டு இருக்க ஆரம்பிச்சிடும்.

காம்போட முனை கிழிச்சு ரத்தம் வந்து தூக்கிட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன். சோப்பு இன்னும் மோசம், அதுல இருக்கிற காரம் உள்ள இருக்கிற மெல்லிசான தோலைப் புண்ணாக்கிடும். இதையெல்லாம் விட எனக்குப் பெரிய பயம் வேற. பிறவியிலேயே குடலோட கடைசிப் பகுதியில நரம்பணுக்கள் இல்லாத குழந்தைங்க உண்டு, ஹிர்ஷ்ப்ரங் நோய்னு சொல்வாங்க, அந்தப் பகுதி அசையாது, மேல மலம் தேங்கி வயிறு உப்பும். வீட்ல காம்பு வெச்சு வெச்சு எப்படியோ போக வெச்சுட்டே இருப்பாங்க, நோய் வெளிய தெரியாம தள்ளிப் போயிட்டே இருக்கும். பொறந்தப்ப கருப்பு மலம் எப்போ போனான்னு உங்க டிஸ்சார்ஜ் பேப்பர்ல இருக்கும், எடுத்துப் பாருங்க, முதல் நாளே போயிருந்தா அந்தக் கவலை ரொம்பக் குறையும்.

தண்ணி ஒரு சொட்டு வேண்டாம். தாய்ப்பால்ல 87, 88 சதவீதம் தண்ணிதான், கத்திரி வெயிலா இருந்தாலும் அதுவே போதும், கூட ரெண்டு தடவை பால் குடுங்க அவ்ளோதான். சங்குல தண்ணி ஊத்தினா அந்தச் சின்ன வயிறு நிறைஞ்சு பால் குடிக்கிறது குறையும், அந்தத் தண்ணி வழியா பேதி வரும்.

திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கலாமான்னா, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா பொறுக்காதீங்க: பச்சையா வாந்தி எடுக்கறது, வயிறு கல்லா உப்பிப் பளபளன்னு தெரியறது, மலத்துல ரத்தம், ஜுரம் 100.4 டிகிரி தொட்டாலே, பால் குடிக்காம சோர்ந்து கெடக்கறது. மூணு மாசத்துக்குள்ள ஜுரம்னா க்ரோசின் குடுத்துட்டு வீட்ல வெச்சுப் பாக்கறதே கூடாது. ராத்திரி என்ன பண்றதுன்னு தெரியலைன்னா 104க்கு போன் பண்ணிக் கேளுங்க, அவசரம்னா 108.


செல்லம்மா_திண்டுக்கல்:

நான் மூணு பெத்து ஆளாக்கினவ. என் மருமக போன்ல இதைப் படிச்சுக் காட்டினா, அவளையே டைப் பண்ணச் சொல்லி எழுதறேன். இப்ப உள்ள புள்ளைங்களுக்கு எதைத் தொட்டாலும் கூடாது கூடாதுங்கறாக. எங்க காலத்துல தலைக்கு ஊத்துற நாள்ல உரைமருந்து குடுப்போம், கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு, வசம்பைச் சுட்டு எல்லாத்தையும் தாய்ப்பால்லயே உரைகல்லுல ரெண்டு இழைப்பு இழைச்சு நாக்குல தடவி விட்டா வயிறு சும்மா கலகலன்னு இருக்கும். பிள்ளை வளர்ப்பான்னு வசம்புக்கு சும்மாவா பேரு வச்சாக? மாசம் ஒரு தடவை விளக்கெண்ணெய் அரைச் சங்கு, வயித்துல இருக்கிற பிசுக்கெல்லாம் கழிஞ்சு போயிரும். பொறந்ததும் தேன் தொட்டு சேனை வச்சுத்தான் வளத்தோம், ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலை.


வார்டு_சிஸ்டர்:

அம்மா, நீங்க கோவிச்சுக்கக் கூடாது, எங்கம்மாவும் எனக்கு உரைகல்லை எடுத்துட்டுத்தான் வந்தாங்க.

விளக்கெண்ணெய் புகட்டும்போது குழந்தை திமிறும், அழும், அந்த நேரத்துல எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கும். தண்ணி மாதிரி இல்லாம எண்ணெய்க்கு இருமலே வராது, சத்தமில்லாம நுரையீரல்ல போய் உக்காந்துக்கும். எண்ணெய் நிமோனியான்னு நாங்க சொல்றது இதைத்தான், ஆன்டிபயாடிக் போட்டா கேக்காது, வாரக்கணக்குல ஆக்சிஜன்ல வெக்க வேண்டி வரும். குளிப்பாட்டும்போது மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடறாங்களே, அதுக்கும் இதே கதைதான்.

தேன் ஒரு வயசு வரைக்கும் வேண்டவே வேண்டாம். தேன்ல போட்டுலிசம்ங்கிற நோயை உண்டாக்கற கிருமியோட விதை இருக்கலாம், பெரியவங்க வயிறு அதை வளர விடாது, பிஞ்சுக் குடல்ல அது முளைச்சு விஷத்தைக் கக்கும். இதுல வேடிக்கை என்னன்னா அந்த நோயோட முதல் அறிகுறியே மலச்சிக்கல்தான், அப்புறம் இமை தொங்கும், அழுகைச் சத்தம் குறையும், பால் உறிஞ்ச முடியாது, கை கால் துவண்டுடும். மலம் போகலைன்னு தேன் தொட்டு வெக்கிறவங்க இதை யோசிக்கணும்.

வசம்பைப் பொறுத்தவரைக்கும், அதுல பீட்டா ஆசரோன்னு ஒரு பொருள் இருக்கு, அது நல்லதில்லைன்னு அமெரிக்காவுல 1968லயே சாப்பாட்டுப் பொருள்ல வசம்பு சேர்க்கக் கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. உரைச்சுக் குடுக்கறதுல எத்தனை இழைப்பு போச்சு, எவ்ளோ உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது, அதிகமானா குழந்தை வாந்தி எடுத்து மயங்கிக் கெடக்கும். கையில வளையமாக் கட்டி விடுங்க, அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, மணி பெருசா இருக்கணும், கயிறு இறுகக் கூடாது, குழந்தை அதை வாயில வெச்சு சப்பற வயசு வந்ததும் கழட்டிடுங்க.


ட்வின்ஸ்_அப்பா:

சிஸ்டர் சொன்னதோட பவுடர் பால் குடிக்கிற குழந்தைங்களைப் பத்தியும் கொஞ்சம் சொல்றேன், இந்தக் கேள்விக்கு நேரா சம்பந்தம் இல்லைன்னாலும் தேடி வர்றவங்களுக்கு ஆகும். எங்களுக்கு ரெட்டைக் குழந்தைங்க, பால் பத்தலை, டாக்டர் சொல்லித்தான் பவுடர் ஆரம்பிச்சோம். பவுடர் பால் குடிக்கிற குழந்தைக்கு மலம் கொஞ்சம் கெட்டியாத்தான் இருக்கும், களி பதம், கலரும் பழுப்பு, வாசனையும் பெரியவங்க மாதிரி. ஒரு நாளைக்கு ஒரு தடவை, இல்ல ஒண்ணுவிட்டு ஒரு நாள். தாய்ப்பால் குழந்தை மாதிரி ஒரு வாரமெல்லாம் விடக்கூடாதுன்னு எங்க டாக்டர் தெளிவாச் சொல்லிட்டார்.

நான் வீட்ல போர்டு எழுதி ஒட்டி வெச்சிருக்கேன், ஏன்னா ராத்திரி பால் கலக்கிறது ஒரு ஆள் இல்ல, நான், மனைவி, அத்தை, சில நாள் மச்சான். 30 மில்லி தண்ணிக்கு ஒரு ஸ்கூப், எங்க டின்ல அப்படித்தான் போட்டிருக்கு, உங்க டின்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க. முதல்ல பாட்டில்ல தண்ணியை அளந்து ஊத்தணும், அப்புறம் பவுடர். பவுடரைப் போட்டுட்டு கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினா தண்ணி குறைஞ்சுடும். ஸ்கூப்பைக் குவிச்சு அள்ளாம கத்தி முனையால வழிச்சு சமமா எடுக்கணும், அமுக்கி அமுக்கி அடைக்கவும் கூடாது. "இன்னும் ஒரு கரண்டி போடு, புள்ள தேறட்டும்"னு பாக்க வர்றவங்க எல்லாரும் சொல்லுவாங்க, பால் திக்கானா வெயிட் போடாது, மலம்தான் ஆட்டுப் புழுக்கையா உருண்டு உருண்டு விழும். அதே மாதிரி மலச்சிக்கலுக்கு வைத்தியம்னு நினைச்சு கூட தண்ணி ஊத்தி நீர்க்கவும் பண்ணாதீங்க, உப்புச்சத்து குறைஞ்சு ஃபிட்ஸ் வரைக்கும் போகும்.

பிராண்ட் மாத்தி மாத்திப் பாக்கறதுல பெருசா பலன் இல்ல. பவுடர்ல இருக்கிற இரும்புச்சத்துதான் காரணம்னு இரும்பு கம்மியா இருக்கிற பால் தேடறவங்களும் இருக்காங்க, அந்த அளவு இரும்பு மலச்சிக்கல் பண்ணாதுன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. எங்க ரெண்டும் வெயிட் கம்மின்னு தனியா இரும்புச் சொட்டு மருந்து குடுத்தாங்க, அதுக்கு மலம் கரும்பச்சையா மாறும், அது பரவாயில்லை.


கோபிப்பொண்ணு:

சிஸ்டர், அக்கா, எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டிஸ்சார்ஜ் பேப்பர் பாத்தேன், பொறந்து பத்து மணி நேரத்துலயே போயிருக்கான்னு எழுதியிருக்கு. கடைசியா போனது இளக்கம்தான், மஞ்சள். வயிறு தூங்கும்போது தொட்டுப் பாத்தேன், மெத்துன்னுதான் இருக்கு. அம்முச்சிகிட்ட காம்பு கிழிச்சு ரத்தம் வந்த கதையைச் சொன்னேன், வெத்தலையைத் தானே மடிச்சு வாயில போட்டுட்டாங்க, பிரச்சனை தீந்துச்சு.

இன்னும் சில சந்தேகம். அந்த முக்கற நேரத்துல பாத்துட்டு சும்மா இருக்க முடியலைங்க, வீட்ல செய்யற மாதிரி என்னதான் பண்ணலாம்? க்ரைப் வாட்டர், ஓமத்தண்ணி இதெல்லாம் குடுக்கலாமா? அப்புறம் என் சாப்பாடு. எனக்கு பூண்டுக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும் மட்டுந்தான், காய் பழம் எதுவும் கண்ணுல காட்டறதில்லை, தண்ணி குடிச்சா வயிறு போட்டுக்கும்னு சொம்பை எடுத்து ஒளிச்சு வெக்கிறாங்க. நான் சாப்பிடறதுனாலதான் அவளுக்கு இறுகுதா?


வார்டு_சிஸ்டர்:

பத்து மணி நேரம்னா ரொம்ப நல்லது.

நீங்க சாப்பிடறதுனால குழந்தைக்கு மலம் இறுகாது, அந்தப் பழியைத் தூக்கிப் போடுங்க. ஆனா உங்களுக்கு இறுகும். பால் குடுக்கிற தாய்க்கு தாகம் சும்மா எடுக்காது, சொம்பை வாங்கி பக்கத்துல வெச்சுக்கோங்க, ஒவ்வொரு தடவை பால் குடுக்கும்போதும் ஒரு டம்ளர். வயிறு போடறதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே இல்ல. பூண்டு, கருவாடு தாராளமா சாப்பிடுங்க, கூட கீரை, காய், பப்பாளி, கொய்யா, தினமும் ஏதாவது ஒரு பழம். தையல் போட்ட இடத்தோட முக்க முடியாம நீங்க படற அவஸ்தையை யாரும் கேக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும்.

குழந்தைக்கு, ரெண்டு பாலுக்கு நடுவுல, குடிச்ச உடனே வேண்டாம், மல்லாக்கப் போட்டு ரெண்டு காலையும் பிடிச்சு சைக்கிள் ஓட்டற மாதிரி மெதுவா மாத்தி மாத்தி மடக்கி விடுங்க. ரெண்டு முட்டியையும் சேத்து வயித்தோட லேசா அணைச்சு கொஞ்ச நேரம் பிடிங்க, அப்பவே காத்து பிரியும் பாருங்க. உள்ளங்கையில ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தேச்சுட்டு தொப்புளைச் சுத்தி கடிகார முள் போற பக்கமா தடவுங்க, பெருங்குடல் அந்தப் பக்கமாத்தான் ஓடுது. பாட்டிங்க குளிப்பாட்டும்போது வயித்தை அமுக்கிப் பிசையறது மாதிரி இல்ல, தோல் லேசா அசைஞ்சா போதும். வெதுவெதுன்னு தண்ணில குளிக்க வெச்சா உடம்பு தளரும், நிறைய குழந்தைங்க அந்தத் தண்ணிலயே போயிடும். முழிச்சிருக்கும்போது ஆள் பக்கத்துல இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்க. முக்கும்போது தோள்ல நிமித்தி, தொடையை மடக்கி உக்காந்த மாதிரி பிடிச்சுக்கோங்க. எங்க தெருவுல ஒரு ஆயா இருந்தாங்க, காலை நீட்டி உக்காந்து ரெண்டு பாதத்துக்கு நடுவுல குழந்தையை உக்கார வெச்சு "ஸ்ஸ்ஸ்"னு சொல்லுவாங்க, தலை நிக்கிற வயசு வந்ததும் அந்தப் பழைய முறை ரொம்ப நல்ல முறை, குந்தின மாதிரி இருந்தா மலம் ஈசியா இறங்கும்.

க்ரைப் வாட்டர், ஓமத்தண்ணி எதுவும் வேண்டாம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால், டாக்டர் எழுதின விட்டமின் டி சொட்டு, அவ்ளோதான் வாய்க்குள்ள போகணும். ஆசனவாயில கிளிசரின் மருந்து வெக்கிறது, மலம் இளக்கற லாக்டுலோஸ் சிரப், இதெல்லாம் மெடிக்கல்ல நீங்களே கேட்டு வாங்கக் கூடாது, உண்மையிலேயே மலச்சிக்கல்தான்னு டாக்டர் பாத்துட்டு எழுதினா மட்டும்.

திங்கக்கிழமை போனா வெயிட் போடச் சொல்லுங்க. இந்த வயசுல ஒரு நாளைக்கு 20ல இருந்து 30 கிராம் ஏறணும். ஒரு நாளைக்கு ஆறு துணிக்கு மேல ஒண்ணுக்கு போறாளான்னும் கேப்பாங்க. பொறந்தப்ப தைராய்டுக்கு குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தாங்களான்னு பேப்பர்ல பாருங்க, எடுக்கலைன்னா கேளுங்க, தைராய்டு கம்மியா இருக்கிற குழந்தைங்களுக்கும் மலம் இறுகும், மஞ்சக்காமாலை நாள் கடந்து நிக்கும், எந்நேரமும் தூங்கிட்டே இருக்கும், அழாம "சமத்து"ன்னு பேர் வாங்கும்.


நெல்லை_சித்தி:

எல்லாரும் எத்தனை நாளுக்கு ஒருக்க போகுதுன்னே பேசுதீங்க, கலரைப் பத்தி யாரும் சொல்லல, அதான் எழுதுதேன். மஞ்சள், பச்சை, பழுப்பு எதுனாலும் பயம் இல்ல, பச்சையாப் போனா குளிர் புடிச்சிட்டுன்னு சொல்லுவாங்கல்லா, அதெல்லாம் சும்மா. ஆனா வெளுத்துப் போய், சுண்ணாம்பு கலர்ல, சந்தனக் கலர்ல போச்சுன்னா அன்னைக்கே டாக்டர்ட்ட போயிரணும். எங்க சொந்தத்துல ஒரு பிள்ளைக்கு பொறந்ததுல இருந்து கண்ணு மஞ்சளாவே இருந்துச்சு, எல்லாப் பிள்ளைக்கும் வாரதுதானன்னு காலைல வெயில்ல காட்டிக்கிட்டே இருந்தாவ. குளிப்பாட்ட வந்த அம்மாதான் துணியப் பாத்துட்டு, என்ன இது கலரே இல்லாம போகுது, ஒண்ணுக்கு மட்டும் துணியில மஞ்சக் கறை புடிக்குதுன்னு கேட்டுருக்கா. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனா பித்தநாளம் அடைச்சிருக்கு, பிலியரி அட்ரீசியான்னு சொல்லி ஆபரேஷன் பண்ணினாவ. 60 நாளைக்குள்ள பண்ணினாத்தான் பலன் நல்லா இருக்கும்னு சொன்னாவ, நல்லவேளை அதுக்குள்ள போயாச்சு, இப்ப பள்ளிக்கூடம் போறான். பச்சப்பிள்ளைக்கு ஒண்ணுக்கு தண்ணி கலர்ல இருக்கணும், ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நின்னா வெயில்ல காட்டிட்டு இருக்காம ரத்தம் குடுத்துப் பாத்துருங்க.


வார்டு_சிஸ்டர்:

சித்திக்கு கோடி நன்றி, நான்தான் எழுதியிருக்கணும்.


மழலை_மேகா:

இதே இடத்துல என் கேள்வியும் கேட்டுக்கறேன், தப்பா நினைக்காதீங்க. என் பையனுக்கு ஏழு மாசம் முடிஞ்சிடுச்சு. ஆறு மாசம் வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்ல, சாப்பாடு ஆரம்பிச்சதுல இருந்து தினமும் போராட்டம், கல்லு கல்லா வருது, நேத்து மேல லேசா சிவப்பா ஒரு கோடு மாதிரி ரத்தம். காலையில நேந்திரங்காய் பவுடர் கஞ்சி, மத்தியானம் பருப்பு சாதம் நெய் போட்டு, சாயங்காலம் பால்ல பிஸ்கட் ஊற வெச்சு, ராத்திரி வடிகட்டின ராகிப்பால். நடுவுல தாய்ப்பால். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கேன், அதுக்குள்ள சாப்பாட்டுல என்ன மாத்தலாம்?


ரெண்டுகுட்டி_அம்மா:

மேகா, இது வேற விஷயம், உன் பையனுக்கு நிஜமாவே மலச்சிக்கல். உன் லிஸ்டைப் பாத்தாலே தெரியுதே, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஒரு காய் ஒரு பழம் இல்ல! நேந்திரங்காய் பவுடர் காயில பண்றது, பேதி ஆனா குடுப்பாங்க அதை, முதல்ல அதை நிறுத்து. பழுத்த மலைவாழைப்பழம் மசிச்சுக் குடு. பிஸ்கட் மைதாவும் சர்க்கரையும்தான், அது குழந்தைக்கு சாப்பாடே இல்ல. ராகியைத் துணியில வடிகட்டி நார்ச்சத்தைப் பூரா சக்கைன்னு தூக்கிப் போட்டுட்டு மாவுத்தண்ணியை மட்டும் குடுத்தா எப்படி? நைசா அரைச்சு வடிகட்டாம கூழாக் காய்ச்சு.

மத்தியானச் சாதத்துல பருப்போட சுரைக்காய், பூசணி, கேரட், ஒரு பிடி பாலக்கீரை ஏதாவது ஒண்ணை வேக வெச்சு மசிச்சுச் சேத்துடு. சாயங்காலம் பப்பாளி, இல்லைன்னா பேரிக்காயைத் தோல் சீவி ஆவியில வேக வெச்சு மசிச்சது. எங்க வீட்ல பத்துப் பன்னெண்டு உலர் திராட்சையை நல்லா கழுவி ராத்திரி கொதிச்ச தண்ணில ஊறப் போட்டு காலையில அதையே மசிச்சு வடிகட்டிக் குடுப்பேன், சின்னவளுக்கு அது கேட்டுச்சு.


வார்டு_சிஸ்டர்:

ரெண்டுகுட்டி அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் சேக்கறது, மேகா, பிஸ்கட் ஊற வெக்கிற பால் பசும்பால்னா அதையும் நிறுத்துங்க, ஒரு வயசுக்குள்ள பசும்பால் குடிக்கக் குடுக்கறது மலத்தை இறுக்கும், இரும்புச்சத்தையும் குறைக்கும். தயிர் கொஞ்சம் சாதத்துல பிசைஞ்சு குடுக்கலாம். இப்ப சாப்பாடு ஆரம்பிச்சாச்சு, அதனால தண்ணி குடுக்கலாம், குடுக்கணும். கொதிக்க வெச்சு ஆறின தண்ணி, சாப்பிடும்போது சின்ன டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூரா சேத்து 120ல இருந்து 240 மில்லி வரைக்கும் போதும், அதுக்கு மேல போனா பால் குடிக்கிறது குறையும்.

அந்தச் சிவப்புக் கோடு, கெட்டி மலம் போகும்போது ஓரத்துல கிழிஞ்சிருக்கும். ஒரு தடவை வலிச்சா குழந்தை அடுத்த தடவை அடக்கும், அடக்கினா இன்னும் இறுகும், அது இன்னும் கிழிக்கும், இந்தச் சுத்துல மாட்டின குழந்தைக்குத்தான் டாக்டர் மலம் இளக்கற சிரப் எழுதுவார். எழுதினா பயப்படாம அவர் சொன்ன நாள் வரைக்கும் குடுங்க, ரெண்டு நாள் நல்லா போனதும் நிறுத்திட்டு மறுபடி இறுகி வர்றவங்கதான் அதிகம். போனதும் வெதுவெதுன்னு தண்ணில உக்கார வெச்சுக் கழுவுங்க, வாசனை வெட் வைப்ஸ் இப்போதைக்கு வேண்டாம், எரியும். ரத்தம் கோடா இல்லாம மலத்தோட கலந்து வந்தாலோ, ஜவ்வோட வந்தாலோ, குழந்தை விட்டு விட்டு வீல்னு கத்தி வாந்தி எடுத்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிக்கிறது இந்த வயசுலதான் அதிகம் வரும்.


மழலை_மேகா:

பாக்கெட் பால்தான் சிஸ்டர், பசும்பால் கணக்குத்தானே? சரி, நிறுத்திடறேன். நேந்திரங்காய் பவுடரை என் மாமியார் ஆசையா ஊர்ல இருந்து ரெண்டு கிலோ திரிச்சுக் கொண்டு வந்திருக்காங்க, அதை என்ன பண்றதுன்னுதான் தெரியலை.


ரெண்டுகுட்டி_அம்மா:

உன் வீட்டுக்காரருக்கு தினமும் காலையில கஞ்சி காய்ச்சிக் குடு.